உணர்ச்சிகளுக்கு அகராதி உண்டா?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருநாள். சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து குவிந்திருக்கிறார்கள். கோவில் வாசலில் ஓர் ஓரமாக நின்றுகொண்டு, பத்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

“ஏ மைனி, எப்ப வந்திய?”

“பிள்ளையை அத்தைகிட்டக் குடு.”

“சித்தி, இங்கன வந்து நில்லுங்க.”

“மாமா கோவிச்சிக்கிட்டாவ போல, மொகத்தைப் பாரு!”

நான்கே பேச்சுகள். அவற்றில் நான்கு உறவுப் பெயர்களும் ஓர் உணர்ச்சியும் இருக்கின்றன. இனி இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். மைனி ‘கசின்’ ஆகிவிடுகிறாள், இல்லையென்றால் ‘சிஸ்டர்-இன்-லா’. அத்தையும் சித்தியும் ஒன்றாகி ‘ஆன்ட்டி’ ஆகிவிடுகிறார்கள். மாமா ‘அங்கிள்’. கோவிச்சிக்கிட்டது ‘ஆங்ரி’.

சொற்கள் கிடைத்துவிட்டன. ஆனால் ஏதோ ஒன்று கை நழுவிப் போய்விட்டது அல்லவா? அது என்ன, ஏன் நழுவுகிறது, அதைப் பிடித்து வைக்க வழி உண்டா என்று பார்ப்போம்.

இரண்டு மாணவிகள், ஒரு மொழி

ஒரு சிறு கற்பனை செய்துகொள்வோம். சங்கரன்கோவிலில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் அவள் வயதுள்ள இன்னொரு மாணவி. இருவரும் கடிதத் தோழிகள். ஒருத்திக்குத் தமிழ் தாய்மொழி, மற்றவளுக்குப் போலிஷ். இருவருக்கும் பொதுவான மொழி, பள்ளியில் கற்றுவரும் ஆங்கிலம் ஒன்றுதான்.

நம் மாணவி தன் சித்தி மகளின் திருமணத்தைப் பற்றி எழுதுகிறாள். “என் கசினின் திருமணத்தில் என் அங்கிளுக்குக் கோபம் வந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா போய் அழைத்து வந்தார். எல்லாரும் மகிழ்ந்தோம்.”

போலந்துத் தோழியிடமிருந்து பதில் வருகிறது. “உன் அங்கிள் எப்போதும் இப்படித்தானா? உங்களுக்கெல்லாம் பயமாக இல்லையா? அவரை ஏன் திரும்பவும் அழைத்து வந்தீர்கள்?”

அதே கடிதத்தில் அவள் தன் பாட்டியைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். பாட்டி தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறாராம். “நான் பாட்டியை ‘மிஸ்’ பண்ணுகிறேன்” என்கிறாள். நம் மாணவிக்குத் தெரிந்த ‘மிஸ்’ எல்லாம் பேருந்தைத் தவறவிடுவதுதான். பாட்டியை எந்த நிலையத்தில் தவறவிட்டாள் என்று அவள் யோசிக்கிறாள்!

இருவர் எழுதிய ஆங்கிலத்திலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஒருத்தியின் மாமா முரடராகிவிட்டார்; மற்றவளின் பாட்டி பேருந்தாகிவிட்டார். முதலில் மாமாவைக் கவனிப்போம்.

அங்கிள் என்றால் தாய்மாமன்!

‘அங்கிள்’ என்ற சொல்லின் பிறப்பைத் தேடிப் போனால் வியப்பான செய்தி கிடைக்கிறது. அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் ‘அவுங்குலுஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதற்குப் பொருள் தாயின் உடன்பிறந்தான். அதாவது தாய்மாமன் மட்டுமே! தந்தையின் உடன்பிறந்தானுக்கு இலத்தீனில் ‘பட்ரூஸ்’ என்று வேறு சொல் இருந்தது. ‘ஆன்ட்’ என்பதன் மூலமோ ‘அமிதா’; தந்தையின் உடன்பிறந்தாள். நம் அத்தை!

பழைய ஆங்கிலத்திலும் சித்தப்பாவுக்கு ஒரு சொல்லும் தாய்மாமனுக்கு ஒரு சொல்லும் தனித்தனியே இருந்தன. பிரெஞ்சுச் சொற்கள் வந்து புகுந்தபின் அவை வழக்கொழிந்தன. போலிஷ் மொழியிலும் தந்தையின் உடன்பிறந்தான் ‘ஸ்ட்ரிய்’, தாயின் உடன்பிறந்தான் ‘வூய்’ என்ற வேறுபாடு உண்டு. ஆனால் இன்றைய பேச்சில் இருவருமே பெரும்பாலும் ‘வூயெக்’ ஆகிவிட்டார்கள்.

இந்தச் சொல் நம் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. இன்று நாம் யாரை ‘அங்கிள்’ என்று அழைக்கிறோம்? பக்கத்து வீட்டுக்காரரையும் அப்பாவின் அலுவலக நண்பரையும். தாய்மாமனைக் குறித்து வந்த சொல், உறவே இல்லாதவரை அழைக்கும் சொல்லாகிவிட்டது!

நம் தேவைக்கு ஆங்கிலச் சொல் போதாதபோது நாமே புதிது செய்துகொண்டதும் உண்டு. ‘கசின் பிரதர்’, ‘கசின் சிஸ்டர்’ என்கிறோம். சகலையை ‘கோ-பிரதர்’ என்றும் ஓரகத்தியை ‘கோ-சிஸ்டர்’ என்றும் சொல்கிறோம். இங்கிலாந்துக்காரர் இவற்றைக் கேட்டால் விழிப்பார்.

மார்கனைத் திகைக்க வைத்த தமிழ்ச் சொற்கள்

உறவுப் பெயர்களைக் கொண்டு ஒரு புதிய அறிவுத்துறையையே தொடங்கி வைத்தவர் அமெரிக்க வழக்கறிஞரான லூயி ஹென்றி மார்கன். அவர் நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த செனிகா என்னும் பழங்குடியினரின் பேச்சைக் கவனித்தார். அவர்கள் தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைத்தார்கள். தாயின் உடன்பிறந்தாளும் அவர்களுக்குத் தாயே. ஆனால் தாயின் உடன்பிறந்தானுக்கும் தந்தையின் உடன்பிறந்தாளுக்கும் வேறு பெயர்கள் இருந்தன.

வேறு நாடுகளில் எப்படி என்று அறிய, மார்கன் வினாப்பட்டியல் ஒன்றை அச்சிட்டு உலகெங்கும் அனுப்பினார். ஆற்காட்டுப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத்தொண்டர் ஹென்றி ஸ்கடர் வழியாக 1859-ஆம் ஆண்டில் தமிழ் உறவுப் பெயர்கள் அவருக்குக் கிடைத்தன. பார்த்தவர் திகைத்துப் போனார். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா, இருவருமே ‘அப்பா’தாம். அம்மாவின் உடன்பிறந்தாள் பெரியம்மா அல்லது சின்னம்மா, ‘அம்மா’தாம். அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. மாமனும் அத்தையும் வேறு வகை. அவர்கள் பிள்ளைகளும் வேறு வகை. செனிகா மக்களின் முறை அப்படியே இருந்தது!

அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று மார்கன் கருதினார். 1871-இல் வெளிவந்த தம் பெருநூலில் அதை வலியுறுத்தவும் செய்தார். அவர்களுடைய முன்னோர் ஆசியாவின் வடகிழக்கு முனை வழியாகச் சென்றவர்கள் என்பது இன்று பிற சான்றுகளால் தெளிவாகியுள்ளது. ஆனால் அதற்கும் இந்த உறவுப் பெயர்களுக்கும் தொடர்பில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மக்களிடமும் இத்தகைய முறை தானாகத் தோன்ற முடியும். தென்னமெரிக்காவின் அமேசான் காட்டு மக்கள் சிலரிடமும் நம்முடையதைப் போன்ற முறை உண்டு. மானிடவியலார் அதற்குக் கொடுத்துள்ள பெயரே ‘திராவிட உறவுமுறை’.

இந்த முறையைப் புரிந்துகொண்டால் மைனியின் புதிரும் அவிழும். அண்ணன் மனைவியும் மைனி. நம்மைவிட மூத்த மாமன் மகளும் மைனி. ஆங்கிலம் ‘சிஸ்டர்-இன்-லா’, ‘கசின்’ என்று இரண்டாகப் பிரிப்பதைத் தமிழ் ஒன்றாகப் பார்க்கிறது. காரணம், மாமன் மகள் அண்ணனுக்கு மனைவியாக வரலாம் என்பது பழைய வழக்கம். மாமனார் ‘மாமா’வாகவும் மாமியார் ‘அத்தை’யாகவும் இருப்பதும் இதனால்தான். நெருங்கிய இரத்த உறவில் மணம் செய்தால் பிள்ளைகளுக்குச் சில மரபுவழி நோய்கள் வரும் வாய்ப்புக் கூடும் என்று மருத்துவம் எச்சரிப்பதால், அந்த வழக்கம் குறைந்து வருகிறது. வழக்கம் குறைந்தாலும் சொற்கள் நிலைத்திருக்கின்றன.

ஆகவே தமிழில் சொற்கள் அதிகம், ஆங்கிலத்தில் குறைவு என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதற்கில்லை. நிலம் ஒன்றுதான், ஒவ்வொரு மொழியும் வரப்பைத் தனக்கு வேண்டிய இடத்தில் போட்டிருக்கிறது.

கோபப்பட்டாரா, கோபித்துக்கொண்டாரா?

உணர்ச்சிகளிலும் இதே கதைதான். பேருந்தில் நடத்துனர் மீதிச் சில்லறை தர மறுத்தால் நமக்குக் கோபம் வரும். ஆனால் நடத்துனரிடம் நாம் ‘கோபித்துக்கொள்ள’ முடியுமா? முடியாது. யார்மீது வேண்டுமானாலும் கோபப்படலாம். உரிமை உள்ளவர்களிடம்தான் கோபித்துக்கொள்ள முடியும்!

கோபித்துக்கொண்டவர் என்ன செய்கிறார்? பேச மாட்டார்; சாப்பிட மாட்டார்; சில வேளை எழுந்து போய்விடுவார். ஆனால் போகும்போதே, யாராவது வந்து அழைக்கிறார்களா என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டே போவார். யாரும் வராவிட்டால்தான் உண்மையான துன்பம். இவ்வளவையும் ‘ஆங்ரி’ என்ற ஒரு சொல் எப்படிச் சுமக்கும்? ‘சல்க்’ என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் உண்டு. அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் சிறுபிள்ளைக்குத்தான் பொருந்தும். மாமாவை அப்படிச் சொன்னால் அதற்கு வேறு கோபித்துக்கொள்வார்!

இனி, கிராக்கோவ் மாணவியின் பாட்டிக்கு வருவோம். போலிஷ் மொழியில் ‘தென்ஸ்க்னோத்தா’ என்று ஒரு சொல் உண்டு. அன்புக்குரியவரை விட்டோ இடத்தை விட்டோ தொலைவில் இருக்கும்போது மனத்தில் எழும் வலி அது. அதற்கு ஈடான ஒரே சொல் ஆங்கிலத்தில் இல்லை. ‘மிஸ்’ என்றால் வலி போதாது. ‘ஹோம்சிக்’ என்றால் வீட்டை நினைத்து மட்டும். ‘நாஸ்டால்ஜியா’ என்றால் கடந்த காலத்தை நினைத்து. பாவம், அவள் கிடைத்ததை எடுத்து எழுதினாள். நம் ‘ஏக்கம்’ அதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் நாம் கையில் கிடைக்காத பொருளுக்காகவும் ஏங்குவோம். கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மையைப் பார்த்துக் குழந்தை ஏங்குவதில்லையா? அங்கே ‘தென்ஸ்க்னோத்தா’ பொருந்தாது.

டார்வினின் 16 கேள்விகள்

சொற்கள் வேறாக இருக்கட்டும், உணர்ச்சி எல்லார்க்கும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். இதே கேள்வியைச் சார்லஸ் டார்வினும் கேட்டார். வியப்பின்போது கண்ணும் வாயும் அகலத் திறக்கின்றனவா? வெட்கத்தில் முகம் சிவக்கிறதா? இப்படி 16 கேள்விகளை எழுதி 1867-இல் பல நாடுகளுக்கும் அனுப்பினார். 36 பேரிடமிருந்து பதில்கள் வந்தன. கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் ஸ்காட்டும் பதில் அனுப்பியவர்களில் ஒருவர். இவற்றைக் கொண்டு 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி டார்வின் ஒரு நூல் எழுதினார். முதன்மையான உணர்ச்சிகள் உலக மக்கள் எல்லாரிடமும் ஒரே விதமாக முகத்தில் தோன்றுகின்றன என்பது அவர் கண்ட முடிவு.

ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், அமெரிக்க உளவியலார் பால் எக்மன் நியூகினித் தீவின் மலைகளில் வாழும் ஃபோரே மக்களிடம் சென்றார். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த மக்கள் அவர்கள். ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் புகைப்படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் சரியாகவே எடுத்தார்கள். இதைப் பற்றிய கட்டுரை 1971-இல் வெளிவந்தது. மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் மனித இனத்துக்கே பொதுவான அடிப்படை உணர்ச்சிகள் என்ற கருத்து உலகெங்கும் பரவியது.

இதற்கு மறுப்பும் எழுந்தது. லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலிய உளவியலார், கையில் சில படங்களை மட்டும் கொடுத்துப் பொறுக்கச் சொன்னால் விடை எளிதாகிவிடுகிறது என்கின்றனர். சினம் வந்தவர் எல்லாருமே புருவத்தை நெரிப்பதில்லை. சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள் அல்லவா?

இன்னொரு மறுப்பு நம் கதைக்கு மிக அருகில் வருகிறது. அதைச் சொன்னவர் போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய மொழியியல் அறிஞர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா. ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்ட்’ எனப்படும் அருவருப்புக்குச் சரியாக ஈடான சொல் தம் தாய்மொழியில் இல்லை என்பதை அவர் 1986-இல் எடுத்துக்காட்டினார். ஆராய்ச்சி செய்தவர்கள் போலிஷ் மொழியினராக இருந்திருந்தால், பட்டியலில் அது இடம்பெற்றிருக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? நாம் பட்டியல் போட்டால் ‘கோபித்துக்கொள்ளுதல்’ அதில் ஏறியிருக்கும்!

அவர் கேள்வியோடு நிற்கவில்லை, வழியும் காட்டினார். எந்த மொழியிலும் நான், நீ, நல்லது, கெட்டது, அறி, விரும்பு, நினை, உணர், செய், நிகழ் என்பன போன்ற எளிய கருத்துகள் உண்டு. 1972-இல் அவர் இத்தகைய அடிப்படைக் கருத்துகள் 14 என்றார். பல மொழிகளை ஆராய்ந்தபின் பட்டியல் ஏறத்தாழ 65 ஆக வளர்ந்தது. கடினமான உணர்ச்சிச் சொல் எதையும் இந்த எளிய சொற்களால் விளக்கிவிடலாம் என்பது அவர் கொள்கை. ‘தென்ஸ்க்னோத்தா’வையே எடுத்துக்கொள்வோம். “நான் இவரை விட்டுத் தொலைவில் இருக்கிறேன். இவரோடு இருந்தபோது எனக்கு நன்றாக இருந்தது. இப்போதும் இவரோடு இருக்க விரும்புகிறேன். அது இப்போது முடியாது என்று அறிவேன். இதனால் எனக்குள் ஒரு வலி.” முடிந்தது. சொல் இல்லாவிட்டாலும் பொருள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தொல்காப்பியர் காட்டும் வழி

உணர்ச்சியை அது எழும் சூழ்நிலையைக் கொண்டு விளக்குவது நமக்குப் புதிதன்று. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் ஆறாவது பகுதி மெய்ப்பாட்டியல். மெய் என்றால் உடம்பு. உள்ளத்தில் எழுவது உடம்பில் தோன்றுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் கூறுகிறார். இவையன்றி மேலும் 32 தருகிறார். அவற்றுள் வியர்த்தலும் நடுக்கமும் பெருமூச்சும்கூட உண்டு.

எட்டில் ஒவ்வொன்றுக்கும் அவர் நான்கு நிலைக்களங்களை, அதாவது அவ்வுணர்ச்சி பிறக்கும் இடங்களைச் சொல்கிறார். அச்சம் பிறப்பது அணங்கு, விலங்கு, கள்வர், தலைவர் ஆகிய நான்கால். பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அஞ்சாதவர்கூட மேலதிகாரிக்கு அஞ்சுவதுண்டல்லவா? மருட்கை என்னும் வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் பிறக்கும். யானையைக் கண்டும் வியக்கிறோம். நுண்ணோக்கியில் கிருமியைக் கண்டும் வியக்கிறோம். பெருமிதத்துக்குக் காரணங்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை.

இப்போது மாமாவின் கோபத்துக்கு வருவோம். வெகுளி என்னும் சினத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணங்கள் எவை? உடல் உறுப்பை அறுத்தல், குடிமக்களுக்குக் கேடு செய்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். நம் மாமாவுக்கு இவற்றில் ஒன்றுமே நேரவில்லை. பின் என்ன நேர்ந்தது? திருமணத்துக்கு அவரை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். “தாய்மாமன் நான் என்ன அசலாளா?” என்று அவர் மனம் நொந்துவிட்டது.

அழுகைக்கு அவர் சொல்லும் நான்கு காரணங்களைப் பாருங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்பது இழத்தல். அசைவு என்பது முன்பிருந்த நிலை கெடுதல். எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பது இளிவு, பிறரால் சிறுமைப்படுதல்! மாமா வந்து நிற்பது இங்கேதான். வெளியே தெரிந்தது சினம். உள்ளே இருந்தது அழுகை. அப்பா போய்க் கையைப் பிடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தால் அதில் வியப்பில்லை.

சொற்கள் இடம் பெயரும்

உணர்ச்சிச் சொல்லைக் கற்பதில் இன்னும் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறுகின்றன. தொல்காப்பியத்தில் வெகுளி என்றால் சினம். திருக்குறளில் வெகுளாமை என்ற அதிகாரம் சினம் கொள்ளாமையைப் பற்றியது. ஆனால் இன்று “அவன் ஒரு வெகுளி” என்றால், கள்ளங்கபடமற்றவன் என்று பொருள்! ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்ற சொல் முன்பு அறிவில்லாதவனைக் குறித்தது. ‘ஸில்லி’ முன்பு பேறு பெற்றவனைக் குறித்தது. இரண்டும் எதிர்த் திசைகளில் நடந்து போய்விட்டன.

ஒருவரின் குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஒவ்வொரு மொழியிலும் குவிந்து கிடக்கின்றன. 1936-இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்னும் அமெரிக்க உளவியலார் ஓர் ஆங்கிலப் பேரகராதியைப் புரட்டி, மனிதரின் இயல்பைக் குறிக்கும் சொற்களை எண்ணினார்கள். 17,953 சொற்கள் கிடைத்தன! மனிதர்க்கு முக்கியமாகத் தோன்றும் குணங்களுக்கு மொழி பெயர் வைத்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அப்படியானால் நம் மொழியில் அமுக்குணி, வாயாடி, சிடுமூஞ்சி, வெள்ளந்தி, முசுடு, கறார்ப் பேர்வழி என்று ஏராளமாகச் சொற்கள் இருப்பது எதைக் காட்டுகிறது? நாம் ஒருவரையொருவர் எவ்வளவு உற்றுக் கவனிக்கிறோம் என்பதைத்தான்!

இரண்டாவது இடர், உடம்பையும் வானிலையையும் தொட்டு வரும் சொற்கள். வெயில் காயும் நாட்டில் வாழும் நமக்கு மனம் ‘குளிர்வது’ இன்பம். வயிறு ‘எரிவது’ துன்பம். பனி உறையும் நாட்டிலோ குளிர்ந்த வரவேற்பு என்றால் அன்பற்ற வரவேற்பு. வெதுவெதுப்பான வரவேற்பே நல்ல வரவேற்பு. “உங்களைக் கண்டதில் என் மனம் குளிர்ந்தது” என்பதை நம் மாணவி சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து அனுப்பினால், கிராக்கோவ் மாணவி அடுத்த கடிதம் எழுத யோசிப்பாள்!

பெயர் வைத்தால் என்ன பயன்?

இது மொழிப் பாடத்துக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பது மூளைக்கே நன்மை செய்கிறது.

நம் மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்ற உறுப்பு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கை மணி அடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2007-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த மாத்யூ லீபர்மன் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டனர். சினமும் அச்சமும் தோன்றும் முகப் படங்களைக் காட்டி, மூளை இயங்குவதைப் படம் பிடித்தார்கள். அந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அமிக்டலாவின் துடிப்புக் குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி ஒன்றின் செயல் கூடியது. அந்த முகத்துக்கு ஓர் ஆளின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அப்படிக் குறையவில்லை. உணர்ச்சிக்குப் பெயர் சொன்னதில்தான் அந்த அமைதி இருந்தது.

தேர்வு முடிவு வந்த நாளில் ஒரு மாணவன், “மனசே சரியில்லை” என்று சொல்லிவிட்டு மூலையில் உட்காருகிறான். அது தோல்வியால் வந்த துயரமா? நண்பர்கள் முன் வந்த வெட்கமா? அப்பாவை நினைத்து வந்த அச்சமா? அடுத்தவன் தேறிவிட்டானே என்ற பொறாமையா? துயரமென்றால் அழுது தீர்க்கலாம். அச்சமென்றால் அம்மாவிடம் சொல்லி வழி தேடலாம். பொறாமையென்றால் நாளடைவில் நாமே சிரித்துக்கொள்ளலாம். எது என்று தெரியாதபோதுதான் அது மலைபோல் அழுத்துகிறது. மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது “என்ன செய்கிறது, சொல்” என்பதைத்தான். வயிற்று வலியைச் சொல்வதுபோல் மன வலியையும் சொல்லத் தெரியவேண்டும். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற மனநல உதவி எண் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

செய்து பாருங்கள்

40 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் வழங்கும் உணர்ச்சிச் சொற்களைப் பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்: ஆதங்கம், கூச்சம், வெட்கம், சங்கடம், பொருமல், மனத்தாங்கல், பரிவு, பாசம். ஒவ்வொன்றின் கீழும் அது பிறக்கும் நான்கு சூழ்நிலைகளைத் தொல்காப்பியர் வழியில் எழுதுங்கள். யாரிடம் அந்த உணர்ச்சி வரும், யாரிடம் வராது என்றும் குறியுங்கள். ஆச்சி, தாத்தாவிடம் கேட்டால் நீங்கள் அறியாத சொற்கள் பல கிடைக்கும். அதன் பிறகு, புதிதாகக் கற்கும் ஆங்கிலச் சொல்லையும் இதே போல் நான்கு சூழ்நிலைகளோடு பதிவு செய்யுங்கள். அகராதியில் ஈடான சொல்லைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள்.

நம் மாணவி இப்போது அந்தக் கடிதத்தைத் திரும்ப எழுதுகிறாள். சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள்தாம்:

“அவர் என் அம்மாவின் அண்ணன். எங்கள் குடும்பத் திருமணங்களில் முதல் மரியாதை அவருக்குத்தான். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய் அழைக்காமல் தொலைபேசியில் அழைத்துவிட்டோம். ‘இவர்கள் எனக்கு வேண்டியவர்கள், இவர்களே என்னைச் சிறிதாக நினைத்துவிட்டார்கள்’ என்று அவர் எண்ணினார். நாங்கள் வந்து அழைக்கவேண்டும் என்பதற்காகவே எழுந்து போனார். யாரும் பயப்படவில்லை. அப்பா போய்க் கூப்பிட்டதும் வந்துவிட்டார். பந்தியில் முதல் இலை அவருக்குத்தான்.”

கிராக்கோவிலிருந்து என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்? “எனக்கும் அப்படி ஒரு மாமா இருக்கிறார்” என்று வந்தாலும் வரலாம்!